பதில் தீர்த்தம்

கீரிமலைக்குச் செல்லும் வீதி அடைபட்ட பின்னரும் யாழ்ப்பாணத்தார் இறப்பதை நிறுத்தவில்லை. வீதியை அடைத்தவர்கள் இதனை முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருக்கலாம், பார்த்ததாகத் தெரியவில்லை. இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் வரத்தான் செய்தது. அன்று அந்தியேட்டிக் கிரியை செய்து, உயிரை உரிய இடத்திற்கு வழியனுப்பி, சாம்பலைக் கடலில் கரைத்து, கீரிமலைக் கேணியில் நீராடி வீடு திரும்புவது வழக்கம். கேணியோ முட்கம்பிக்கும் காவலரணுக்கும் அப்பால் ஆடுவாரின்றிக் கிடந்தது.

இக்குறையைப் போக்கும் பொருட்டுத் தோன்றியதே பதில் தீர்த்த நிர்ணய மகாசபை. அதிபர் விடுமுறையில் நின்றால் பதில் அதிபர் வருகிறார். நீதவான் சுகவீனமுற்றால் பதில் நீதவான் வருகிறார். தீர்த்தம் போர்வலயத்துள் அகப்பட்டால் பதில் தீர்த்தம் வருவதில் வியப்பதற்கு யாதுளது என்று கேட்டார் சபைத் தலைவர் கனகரத்தினம். அவர் கொழும்பில் ஒரு கந்தோரில் நெடுங்காலம் பதில் பிரதம லிகிதராக இருந்து, அந்தப் 'பதில்' நீங்காமலே இளைப்பாறியவர். ஆதலால் அச்சொல்லின்மேல் அவருக்கு ஒரு பற்று இருந்தது. செயலாளர் நடராசா தபால் வழியாகப் படித்து ஓமியோபதி வைத்தியரானவர். 'டொக்டர்' என்று அழைத்தாலன்றி அவருக்குக் காது கேளாது.

சபையார் துவிச்சக்கரவண்டிகளில் ஊர் ஊராகச் சென்று கிணறு கிணறாக நீரைச் சுவைத்தனர். எங்கும் ஏமாற்றமே மிஞ்சியது. எந்தக் கிணற்று நீரைக் குடித்தாலும் அது தண்ணீர் போலவே இருந்தது. தண்ணீர் தண்ணீராக இருந்தமையே அக்கிணறுகள் யாவற்றின் குற்றமும் ஆயிற்று.

அளவெட்டிக்குத் தெற்கேயுள்ள ஒரு சிற்றூரில் கதிரவேலு என்னும் கமக்காரர் வெங்காயம் செய்துகொண்டிருந்தார். அவருடைய தோட்டக் கிணறு ஒழுங்கை ஓரமாக இருந்தமையால் ஊரிற் பாதி அதிலேதான் குடிநீர் அள்ளிற்று. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு மாசி மாதத்தில் அவ்வூரிலே வயிற்றோட்டம் பரவியபோது, சுகாதாரப் பரிசோதகர் அடைக்கலநாதன் கைவசம் எஞ்சியிருந்த, கிருமி கொல்லும் வெளிற்றுத் தூளை ஒரு வாளியிற் கரைத்துக் கொணர்ந்து அக்கிணற்றில் ஊற்றினார். மருந்துகள் வரும் பாதை மூடப்பட்டிருந்த காலம் அது. தூள் ஒரு கிணற்றுக்கே போதுமாயிருந்தது.

"கதிரவேலண்ணை, இண்டைக்கு ஒருத்தரும் குடிக்க அள்ளவேண்டாம். நாளைக்கு ஒரு மணம் மணக்கும், பயப்பிடாதேங்கோ" என்றார் அவர்.

"தோட்டத்துக்கு இறைக்கலாமோ, பி.எச்.ஐ. ஐயா?"

"வெங்காயத்துக்கு எங்கை வயித்தோட்டம் வரப்போகுது? தாராளமா இறையுங்கோ."

மறுநாட் காலையில் மகாசபை வந்து இறங்கியது. தலைவர் வெள்ளிச் செம்பில் நீர் மொண்டு ஒரு மிடறு பருகினார். அவர் கண்கள் தாமே மூடின.

"நடராசா, உதை ஒருக்காக் குடிச்சுப் பாரும்."

நடராசா கேட்கவில்லை.

"டொக்டர் நடராசா!"

அவர் வாங்கிக் குடித்தார். "மணக்குது, ஐயா."

"என்ன மணம்?"

"இன்ன மணமெண்டு சொல்லத் தெரியாத ஒரு மணம்."

"அதுதான் தீர்த்தத்தின்ரை லட்சணம்!"

கதிரவேலு சால்வையை இடுப்பில் இறக்கிக் கட்டிக்கொண்டு முன்னே வந்தார். "ஐயா, குறை நினையாதேங்கோ. நேற்றுப் பி.எச்.ஐ. ஐயா வந்து வெள்ளைப் பவுடர் போட்டவர். அதின்ரை மணம் உது."

தலைவர் அவரைக் கருணையோடு நோக்கினார். "உமக்குச் சித்தாந்தம் தெரியாது. குடத்துக்கு மண் முதற்காரணம்; திரிகை துணைக்காரணம்; குயவன் நிமித்த காரணம். அதுபோலை, இந்த மணத்துக்குப் பவுடர் முதற்காரணம், வாளி துணைக்காரணம், நிமித்த காரணம் இறைவன்."

"அப்ப பி.எச்.ஐ. ஐயா?"

தலைவர் சற்றே சிந்தித்தார். "அவர் வாளியோடை சேர்த்தி."

அன்று பிற்பகலே கிணற்றைச் சுற்றிப் பனையோலை வேலி எழுந்தது. வேலிக்கு ஒரு படலை. படலைக்கு ஓர் ஆமைப்பூட்டு. அப்பூட்டின் திறப்பைத் தலைவர் கதிரவேலுவின் கையிலே கொடுத்து, அவரைக் கௌரவத் தீர்த்தக் காவலராக நியமித்தார். தம் சொந்தக் கிணற்றிலே தமக்கு ஒரு பதவி கிடைத்ததையிட்டு மகிழ்வதா அன்றி வேறு ஏதும் செய்வதா என்று கதிரவேலுவுக்கு விளங்கவில்லை. பழக்கத்தினால் "நன்றி ஐயா" என்றார்.

அவர் மனைவி இரத்தினம்மாவுக்கு அத்தகைய பழக்கம் இல்லை. "இஞ்சேருங்கோ, நன்றி சொல்லுறது கிடக்கட்டும். சோறு எதிலை காச்சிறது? தோட்டத்துக்கு எதிலை இறைக்கிறது? அதைக் கேளுங்கோ."

"சோத்துக்கு அயல்கிணறு இருக்குத்தானே, பிள்ளை. தோட்டத்திலை என்ன போட்டிருக்கிறியள்?" என்றார் தலைவர்.

"வெங்காயம்."

தலைவர் தம் மேற்றுண்டை மூக்கருகே கொண்டு சென்றார். "வெங்காயமோ! விரதகாரர் தொடாத பொருள். அதுக்குத் தீர்த்தம் ஊத்தினால் பாவம் ஊருக்கெல்லோ? உதைக் கிண்டி எறிஞ்சுபோட்டுத் துளசி வையுங்கோ."

"துளசியைச் சந்தையிலை ஆர் அந்தர் கணக்கிலை வாங்குவினம்?" என்றாள் இரத்தினம்மா.

இவ்வினாவை அடுத்த கூட்டத்தில் ஆராய்வதாகத் தலைவர் கூறினார்.

வெங்காயம் அப்போது கிழங்கு பருக்கும் பருவத்தில் இருந்தது. மூன்று நாளுக்கொரு முறை நீர் காணவேண்டும். ஓர் இறைப்புத் தவறினால் தாள் மஞ்சளாகும். மேலும் தவறினால் சாயும். அக்குடும்பத்தார் அவ்வாண்டு முழுவதும் உண்பதற்கும் உடுப்பதற்கும் அந்த வெங்காயத் தறையன்றி வேறு வழி இருக்கவில்லை. அயல்கிணறோ குடத்துக்கு எட்டுமேயன்றித் தோட்டத்துக்கு எட்டாது. இறைப்பு நாளன்று கதிரவேலு திறப்பை மடியிற் செருகிக்கொண்டு படலைக்கு முன்னே நின்றார். பூட்டு அவருடைய காவலில் இருந்தது; கிணறு அவருடைய காணியில் இருந்தது; வெங்காயம் அவருடைய வயிறாகவே இருந்தது. ஆயினும் இறந்தோருக்கன்றித் திறப்பதில்லை என்று, பதவி ஏற்றபோது ஊரவர் முன்னிலையில் வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

தீர்த்தப் பிரகடன விழாவுக்கு அளவெட்டியிலிருந்து நாதசுர கோஷ்டி வந்தது. பெற்றோல் இல்லாக் காலமாதலால் தவில் ஒரு சைக்கிளின் பின்னாசனத்திலும், அதனை அடிப்பவர் அதன் முன்சட்டத்திலுமாக வந்தார்கள். வித்துவான் கொளுத்தும் வெயிலில் நெடுநேரம் ஊதினார். ஊதி முடித்ததும் தொண்டை வறண்டு, "ஒரு செம்பு தண்ணி தாங்கோ" என்று கேட்டார்.

"இது செத்தவைக்கு மட்டுந்தான் வித்துவான்" என்றார் நடராசா.

வித்துவான் நாதசுரத்தை உறையிலிட்டார். "அப்ப நான் பிறகு வாறன்" என்றார்.

பின்னர்த் தலைவர் சொற்பொழிவாற்றினார். "மெய்யன்பர்களே! புல் பூண்டு முதலாகத் தேவர் ஈறாக உயிர்கள் யாவும் எமது சபைக்கு ஒன்றே. இறந்தது எவ்வுயிராயினும் ஆகுக! அதன் அறிவு ஆறோ, ஐந்தோ, ஒன்றோ என்று நாம் பாரோம். சாதி பாரோம், சமயம் பாரோம். இறந்த உயிர் ஒவ்வொன்றுக்கும் இத்தீர்த்தம் உரியது. உயிரோடு இருப்பவர் எவருக்கும் இதில் ஒரு துளியேனும் இல்லை. இதுவே எமது சமத்துவம்!"

வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த சில குடும்பத்தார், தாம் எப்பொழுது உள்ளே வரலாம் என்பது தெளிவாகிவிட்டமையால், அமைதியாகக் கலைந்து சென்றனர்.

அடுத்து நடராசா பேசினார். "மருந்து குறையக் குறையச் சக்தி கூடும் என்பது ஓமியோபதியின் அடிப்படைத் தத்துவம். ஆகவே இத்தீர்த்தத்தின் ஒரு துளியை மற்றொரு கிணற்றில் இட்டால், அக்கிணறு இதனிலும் பன்மடங்கு வீரியம் பெறும். ஒன்றுமே இடாவிட்டால் வீரியம் இன்னும் எவ்வளவு கூடும் என்பது பற்றி ஆராய்ச்சி நடைபெறுகின்றது." அவ்வாறே ஒரு போத்தலுடன் சென்று அயற்கிணறுகள் யாவற்றிலும் சொட்டுச் சொட்டாக இட்டு, வயிற்றோட்டத்துக்கு இனி அந்நீரே ஔடதம் என்று அறிவித்தார்.

ஊரார் நம்பிக் குடித்தனர். தூளிட்ட ஒரே கிணறு பூட்டுண்டு கிடக்க, ஏனையவற்றில் அள்ளிக் குடித்தவர்களுக்கு வயிற்றோட்டம் முன்னிலும் மும்முரமாக வந்தது. நோய் வெளியேறுவதற்கு வேறு வழி யாது என்று நடராசா கேட்டார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அவசரமாக எழுந்து போய்விட்டார்கள்.

குருநகரிலிருந்து நாள்தோறும் மீன் கொண்டுவரும் செபநாயகம் அன்றும் சைக்கிளை வேலியோடு சாத்தினான். வழக்கமாக அக்கிணற்றடியில் முகம் கழுவி, வயிறாரக் குடித்துவிட்டுத்தான் அவன் அப்பால் செல்வான். பூட்டைக் கண்டு சிரித்தான்.

"எங்கடை வீட்டிலையும் உப்பிடி ஒண்டு இருக்கு, கதிரவேலண்ணை. லூர்து மாதா தண்ணி, ஒரு போத்தில். காய்ச்சலுக்கு ஒரு சொட்டு, வயித்துக்குத்துக்கு ஒரு சொட்டெண்டு மனுசி சிசிலியா எல்லாருக்கும் குடுப்பாள். போத்தில் மட்டும் குறையிறேல்லை."

"அதெப்பிடி, தம்பி?"

"குறையக் குறைய நான் பைப்பிலை பிடிச்சு ஊத்திவிடுவன். சிசிலியாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. வருத்தக்காரர் வந்தால் அவள் சொட்டுக் குடுத்துப்போட்டுப் பக்கத்திலை இருந்து நெத்தி தடவுவாள். அது சுகமாத்தான் கிடக்கும்." பின்பு தறையைப் பார்த்தான், சிரிப்பு அடங்கிவிட்டது. "அண்ணை, வெங்காயம் போகுதெல்லே?"

"போகுது" என்றார் கதிரவேலு. திறப்பு மடியிலே கனத்தது.

மறுநாள் பூரணம் என்னும் பெண் ஒருத்தி கணவனின் சாம்பற் குடத்தோடு வந்தாள். அவளுக்குக் குறித்திருந்த நாள் அதுவே. தலைவரோ வரவில்லை. நடராசா கொடுத்த உயர் வீரியத் தீர்த்தத்தைச் சபையின் நன்மதிப்பைக் காக்கும் பொருட்டு நிறையவே அருந்தியமையால், அவர் தம் வளவின் பின்மூலையை விட்டு நீங்க இயலாதிருந்தார். தலைவர் இன்றிக் கிரியை இல்லை என்று குருக்களும் திரும்பிவிட்டார். பூரணம் வேலியடியிற் குந்தி அழத் தொடங்கினாள்.

இரத்தினம்மா கணவனைப் பார்த்தாள். "இவளின்ரை மனுசன் செத்தது மெய்தானே? திறவுங்கோ."

அது சட்டத்துக்கு அமைவாகவே இருந்தமையால் கதிரவேலு திறந்தார். இரத்தினம்மா நீர் அள்ளிப் பூரணத்தின் தலையில் வார்த்தாள். பின்பு ஈரத்தோடு பக்கத்தில் இருத்தி, "அந்த மனுசன் எப்பிடி ஆள், சொல்லு" என்றாள்.

"என்னத்தைச் சொல்ல அக்கா! ஒரு நாள் நல்லதெண்டு ஒண்டைச் சொன்ன வாய் இல்லை. சீனி ஆனைவிலை விக்குது, பனங்கட்டியோடை குடியுங்கோ எண்டால் கேளார். கடைசியாக் கதைச்சதும் என்ன தெரியுமே? 'தேத்தண்ணிக்கு இனிப்புக் காணாது.' அவ்வளவுதான். கண்ணை மூடிப்போட்டார்."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள்; சிரித்துக்கொண்டே மீண்டும் அழுதாள். இரத்தினம்மாவும் அவ்வாறே செய்தாள். மந்திரம் எதுவும் ஓதப்படவில்லை. நெடுநேரத்தின் பின் பூரணம் முகத்தைத் துடைத்து, "மனம் ஆறீட்டுது அக்கா" என்றாள். அந்தியேட்டியில் வேறு என்ன குறைந்தது என்று எவராலும் கூற இயலவில்லை.

எழுந்தவள் தறையைக் கண்டாள். "ஐயோ, உந்த வெங்காயமெல்லாம் செத்துப்போச்சு!"

இரத்தினம்மா அப்படியே நின்றாள். "என்ன சொன்னனீ?"

"செத்துப்போச்செண்டு..."

"இஞ்சேருங்கோ! துலாவைப் பிடியுங்கோ. வெங்காயத்துக்கு அந்தியேட்டி."

"விசர்க்கதை கதையாதை" என்றார் கதிரவேலு.

"தலைவர் என்ன சொன்னவர்? ஓரறிவு உயிருக்கும் இந்தத் தண்ணி உரியதெண்டவரோ, இல்லையோ?"

"ஓம், சொன்னவர்."

"செத்த உயிர் எதுக்கும் எண்டவரோ?"

"ஓம்."

"அப்ப பாருங்கோ. உது செத்ததோ, இல்லையோ?"

கதிரவேலு குனிந்து ஒரு தாளைத் தூக்கிவிட்டார். அது திரும்பவும் சாய்ந்து விழுந்தது. ஒரு கமக்காரரின் வாயால் அதனைச் சொல்வது எளிதன்று. "ஓம்" என்றார். சொன்னதும் அவர் துலாக்கொடியைப் பற்றினார்.

வாக்குத் தவறாமல் தோட்டம் இறைக்கப்பட்டது. பூரணம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பாத்தி பாத்தியாகத் தண்ணீரைத் திருப்பிவிட்டாள். இரத்தினம்மா பாத்திகள்தோறும் நின்று, "நல்ல இடம் போய்ச் சேருங்கோ, ராசாக்கள்" என்று வழியனுப்பினாள். பொழுது சாய்வதற்குள் தறை முழுவதும் கிரியை நிறைவேறியது.

செய்தி தலைவரை எட்டியது. அடைக்கலநாதன் வயிற்றோட்டத்துக்குக் கொடுத்த ஜீவனிக் கரைசலால் அவர் ஒருவாறு எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தார். அதற்கும் நிமித்த காரணம் இறைவனே என்று அவர் கூற, "ஓம் ஐயா, ஆனால் தண்ணியைக் கொதிக்க வைச்சு ஆறினாப்போலை கரையுங்கோ" என்று அடைக்கலநாதன் சொல்லிவிட்டுப் போனார். மறுநாட் காலையில் தலைவரும் செயலாளரும் கிணற்றடியில் விசாரணை தொடங்கினர்.

"ஆரைக் கேட்டு இறைச்சனீர்?"

"இறைக்கேல்லை ஐயா. நீங்கள் அண்டைக்குச் சொன்னபடி கிரியை செய்தனாங்கள்" என்றார் கதிரவேலு. அவர் முகத்தில் வஞ்சகம் சிறிதும் இல்லை. தலைவரின் சொற்பொழிவைப் புல் பூண்டிலிருந்து தேவர் ஈறாக அவர் ஒப்புவித்தார்.

தலைவர் தம் சொற்களைப் பிறர் வாயிற் கேட்டு, அவற்றின் அழகில் ஒரு கணம் மயங்கினார். அவற்றை மறுப்பதோ கூடாத காரியம். "நடராசா..." என்று தொடங்கித் திருத்தி, "டொக்டர்! வெங்காயம் இறந்தது உறுதிதானோ? இல்லாட்டி இது விதி மீறல்" என்றார்.

நடராசா ஓர் ஓரப் பாத்தியில் முழந்தாளிட்டு, சாய்ந்து கிடந்த தாள் ஒன்றை விரல்களால் பற்றிக் கண்மூடினார். "உயிர் இல்லை" என்றார்.

"வடிவாப் பார்த்தியளோ?" என்றாள் இரத்தினம்மா.

"பிள்ளை, நான் ஒருத்தரைச் செத்ததெண்டு சொன்னால் அதிலை பிழை வராது."

"அப்படியாயின்," என்று தலைவர் நிமிர்ந்தார், "தாவர வர்க்கத்துக்கு அந்தியேட்டி செய்வித்த முதற் சபை எமது சபையே! இம்மரணங்களை மகாசபை அங்கீகரிக்கின்றது." அச்செய்தி அன்றைக்கே ஊர் முழுவதும் பறையப்பட்டது.

தண்ணீருக்குச் சித்தாந்தமும் தெரியாது, ஓமியோபதியும் தெரியாது. அது வேருக்குப் போயிற்று. அடுத்த நாள் விடிந்தபோது, நடராசா நாடி பார்த்த ஓரப் பாத்தி நீங்கலாக, வெங்காயத் தாள்கள் யாவும் நிமிர்ந்து நின்றன. கதிரவேலு ஓடிச்சென்று மனைவியை அழைத்துவந்தார். இருவரும் வரம்பிலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று சுன்னாகத்து வர்த்தகர் ஒருவர் தம் மாமனாருக்கு அந்தியேட்டி செய்யச் சுற்றத்தாரோடு வந்திருந்தார். மாமனாரின் காணிகளும் கடையும் அண்மையிலேதான் அவர் கைக்கு வந்திருந்தன. கிரியை தொடங்கும் வேளையில் செபநாயகம் மீன்பெட்டியோடு வந்து இறங்கினான்.

"அட கடவுளே! கதிரவேலண்ணை, இது அந்தியேட்டி முடிஞ்ச வெங்காயமெல்லே?"

"ஓம் தம்பி."

"டொக்டர் பார்த்துச் செத்ததெண்டவர்?"

"ஓம்."

"சபையும் ஒத்துக்கொண்டது?"

"ஓம், தம்பி. ஒத்துக்கொண்டது."

செபநாயகம் சிலுவை இட்டுக்கொண்டான். "எங்கடை வேதத்திலை பெரியவர் ஒருத்தர்தான் மூண்டாம் நாள் எழும்பினவர். உங்கடை தறை முழுக்க டொக்டர் சொல்லி ரெண்டாம் நாளே எழும்பீட்டுது!"

வர்த்தகர் வெங்காயத்தைப் பார்த்தார். கையிலிருந்த சாம்பற் குடத்தைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார்.

"இந்தத் தண்ணி பட்டால் ஆரும் எழும்புவினமோ?" என்று மெல்லக் கேட்டார்.

"எல்லாரும் எண்டு சொல்லேலாது ஐயா. டொக்டர் தொட்டது மட்டும் எழும்பேல்லை" என்றார் கதிரவேலு, உண்மையை மறைக்க அறியாதவராய்.

வர்த்தகர் குடத்தை மார்போடு அணைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார். சுற்றத்தார் பின்னே ஓடினர். அந்தக் கிணற்றில் நீராட்டினால் இறந்தவர் மீண்டு வரக்கூடும் என்னும் செய்தி அன்று மாலைக்குள் வலிகாமம் எங்கும் பரவியது. அதன்பின் ஒருவரேனும் அங்கே அந்தியேட்டிக்கு வரவில்லை. மனிதர் தம் முன்னோரை எவ்வளவு நேசித்தனர் என்பதும், எவ்வளவுக்கு அப்பால் நேசிக்கவில்லை என்பதும் இதனால் நன்கு அறியப்பட்டன.

மகாசபை அவசரமாகக் கூடியது. தலைவர் கனத்த குரலிற் பேசினார்: "தீர்த்தமாவது இறந்தோரை வழியனுப்புவது. இக்கிணறோ அனுப்பியவர்களைத் திருப்பி அனுப்புகின்றது. இஃது எல்லா நிர்வாக ஒழுங்குக்கும் முரணானது. காணி உறுதிகள் எழுதப்பட்டு, பங்குகள் பிரிக்கப்பட்ட பின்னர் ஒருவர் திரும்பி வருவாராயின் எந்தக் கந்தோர் அதனைத் தாங்கும்? பயன் தரும் நீரைத் தீர்த்தமாக வைத்திருக்க இச்சபையால் இயலாது." தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கதிரவேலு பதவி நீக்கப்பட்டார். இம்முறையும் அவர் "நன்றி ஐயா" என்றார். ஆனால் பழக்கத்தினால் அன்று.

வேலி பிரிக்கப்பட்டு, ஓலைகள் இரத்தினம்மாவின் அடுப்புக்குப் போயின. வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தவர்களையும் அவள் கூப்பிட்டுக் கிணற்றுக் கட்டிலே ஏறி அள்ளிக்கொள்ளச் சொன்னாள். அடைக்கலநாதன் எங்கோ தேடிப் பெற்ற தூளோடு ஏனைய கிணறுகளுக்கும் போய்வந்தார். குடிதண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றுமாறு வீடு வீடாகச் சொன்னார். ஊரின் வயிறு அடங்கிற்று. சபையார் மணமுள்ள வேறொரு கிணற்றைத் தேடி மறுபடியும் சைக்கிள்களில் ஏறினார்கள்.

வெங்காயம் கிண்டி எடுக்கிற நாளிலே அளவெட்டி வித்துவான் அவ்வழியாக வந்தார். வெயிலில் வியர்த்து, சைக்கிளைத் துலாவின் ஆடுகாலோடு சாத்திவிட்டுச் சற்றே தயங்கி நின்றார்.

"அண்டைக்குப் பிறகு வாறனெண்டு சொல்லிப்போட்டுப் போனனான். பொறுக்க ஏலாமல் உயிரோடையே வந்திட்டன். தருவியளோ?"

"உயிரோடை வந்தவைக்குத்தான் இப்ப" என்று சொல்லி இரத்தினம்மா செம்பு நிறைய அள்ளிக் கொடுத்தாள்.

அவர் ஒரே மூச்சிற் குடித்தார். கதிரவேலு கையில் வெங்காயப் பிடியோடு அண்ணாந்து பார்த்தார். கிணற்று மணம் எப்போதோ போய்விட்டது. ஆயினும் இத்தனை பாடுபட்ட நீரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவேண்டும் போல் அவருக்கு இருந்தது.

"எப்பிடி வித்துவான் தண்ணி?"

வித்துவான் வாயைத் துடைத்துக்கொண்டு, செம்பை மறுபடியும் நீட்டினார்.

"தண்ணி மாதிரியே இருக்கு" என்றார்.